கீழே பெயர் இல்லாத நோட்டீஸ்: புகார் எங்கே போய் நிற்கிறது?

ஓட்டுப்பதிவுக்கு முந்தைய ராத்திரி மொட்டை நோட்டீஸ் விழுவது தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் புதிதல்ல. விடிந்தால் டீக்கடை பெஞ்சில், பேருந்து நிழற்குடையில், வீட்டு வாசல் கதவிடுக்கில் கிடக்கும். வேட்பாளரின் குடும்பம், சாதி, சொத்து என்று ஏதாவது ஒன்றைத் தோண்டி எழுதியிருக்கும். அடியில் ‘இவண்: தொகுதி வாழ் பொதுமக்கள்’. அச்சகத்தின் பெயர் இருக்காது, முகவரி இருக்காது. மறுப்பதற்கு வேட்பாளருக்கு நேரமும் இருக்காது. ஓட்டுப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரச்சாரக் கூட்டம் போடச் சட்டமே தடை விதிக்கிறது.

2021 சட்டமன்றத் தேர்தலில் கிருஷ்ணகிரி தொகுதியின் முடிவு 794 வாக்குகளில் தீர்ந்தது. இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் ஒரு தொகுதி முடிவாகக் கூடும் என்றால், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயில் அச்சடிக்கக்கூடிய ஒரு துண்டுத்தாளைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் பெயர் போடாத நோட்டீஸ் மீது புகார் கொடுத்தவர்களைக் கேட்டால், ‘கொடுத்தோம், அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஏன் நடப்பதில்லை என்பதற்கான காரணம் அதிகாரிகளின் அக்கறையின்மை மட்டுமல்ல. பாதி, சட்டம் எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. மீதி, நாம் புகார் எழுதுகிற விதத்தில் இருக்கிறது.

முதலில் சட்டம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்ற பிரிவு 1961இல் சேர்க்கப்பட்டது. தேர்தல் துண்டுப் பிரசுரமோ சுவரொட்டியோ எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதன் முகப்பில் இருக்க வேண்டும் என்கிறது அது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2,000 ரூபாய் 1961இல் கனமான தொகை. இன்றைக்கு ஒரு நடுத்தர ஃப்ளெக்ஸ் அடிக்கிற செலவு.

அச்சு என்பதற்கு இந்தப் பிரிவு தரும் பொருள் மிக விரிவானது. கையால் பார்த்து எழுதிப் படியெடுப்பதைத் தவிர, பிரதி எடுக்கிற எந்த முறையும் அச்சுதான். ஜெராக்ஸும் அதில் வரும். விலக்கு ஒன்று உண்டு: கூட்டம் எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம் என்று மட்டும் சொல்கிற நோட்டீசுக்கும், முகவர்களுக்கும் தொண்டர்களுக்கும் கொடுக்கிற வழக்கமான குறிப்புகளுக்கும் பெயர் தேவையில்லை. இந்த விலக்கில்தான் நிறையப் புகார்கள் அடிபட்டுப் போகின்றன. ‘பென்னாகரத்தில் மாலை 6 மணிக்குப் பொதுக்கூட்டம், அனைவரும் வருக’ என்பதோடு நின்றால் அது விலக்குக்குள். அதே தாளில் சின்னத்தைப் போட்டு ‘வாக்களிப்பீர்’ என்று ஒரு வரி சேர்த்தால், வெறும் கூட்ட அறிவிப்பு என்ற வாதம் நிற்பது கடினம். புகார் கொடுப்பவர் அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டாமல் விட்டால், எதிர்த்தரப்பு ‘இது கூட்ட நோட்டீஸ்தானே’ என்று எளிதாகத் தப்பிவிடும்.

நம் ஊர்ப் போஸ்டர்களில் ‘இவண்’ போடுவது ஊறிப்போன பழக்கம். வட்டச் செயலாளர், கிளைச் செயலாளர், இளைஞரணி என்று பத்துப் படமும் பெயரும் இருக்கும். அதனால் பெயர் போட்டாகிவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். சட்டம் கேட்பது வேறு. வெளியிட்டவர் என்று ஒருவர், அவருடைய முகவரி, அச்சகத்தின் பெயர், அதன் முகவரி. பத்துப் பேரின் படம் போட்ட போஸ்டரிலும் இது இல்லாமல் போகலாம். ‘ஊர் பொதுமக்கள்’, ‘நடுநிலையாளர்கள்’ என்று போடுவது எந்த வகையிலும் பெயராகாது.

இதைவிட முக்கியமான விஷயம், போஸ்டரின் அடியில் இருக்கும் அந்த வரி வெறும் கைகாட்டிதான் என்பது. உண்மையான ஆவணம் வேறொரு இடத்தில் இருக்கிறது. 127ஏ பிரிவின் இரண்டாம் பகுதிப்படி, அச்சடிக்கக் கொடுப்பவர் ‘நான்தான் வெளியிடுகிறேன்’ என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை இரண்டு பிரதிகளாக அச்சகத்தில் கொடுத்த பிறகுதான் அச்சகம் வேலையையே தொடங்கலாம். முடிந்ததும் உறுதிமொழியின் ஒரு பிரதியோடு அச்சிட்ட தாளையும் சேர்த்து மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு, அதாவது கலெக்டருக்கு, அனுப்ப வேண்டும். மாநிலத் தலைநகரில் அச்சிட்டால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு.

சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1994 செப்டம்பர் 2ஆம் தேதி, ஆணையம் இதற்கு ஒரு விரிவான உத்தரவு போட்டது. அச்சகம் 3 நாளுக்குள் அனுப்ப வேண்டும். கூடவே எத்தனை பிரதி, காகித விலை உட்பட எவ்வளவு கூலி வாங்கப்பட்டது என்றும் எழுதித் தர வேண்டும். வந்து சேர்ந்த பிரதிகளைக் கலெக்டர் தன் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி காட்சிக்கு வைக்க வேண்டும். கட்சிகளும் வேட்பாளர்களும் அக்கறையுள்ள மற்றவர்களும் பார்த்து, எது முறையாக அச்சிடப்பட்டது, எது இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

இந்தக் கடைசி ஏற்பாட்டை நாம் ஏறக்குறைய மறந்தே விட்டோம். பெயர் இல்லாத நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு ‘யார் அடித்தது’ என்று ஊர் முழுக்கக் கேட்பதைவிட, கலெக்டர் அலுவலகத் தேர்தல் பிரிவுக்குப் போய் ‘இந்த வாரம் வந்த உறுதிமொழிகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன’ என்று கேட்பது பலன் தரும். அந்தப் பட்டியலில் அந்த நோட்டீஸ் இல்லை என்றால் அதுவே சான்று. அச்சகத்தின் பெயர் இல்லை என்ற ஒரு மீறலோடு, உறுதிமொழி அனுப்பவில்லை என்ற இரண்டாவது மீறலும் சேர்கிறது.

நம் இரு மாவட்டங்களுக்கும் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. உறுதிமொழி போக வேண்டியது நோட்டீஸ் ஒட்டப்படும் மாவட்டத்துக்கு அல்ல, அச்சிடப்படும் மாவட்டத்துக்கு. தர்மபுரிக்கான போஸ்டரைச் சேலத்தில் அடித்தால் தாள் சேலம் கலெக்டருக்குப் போகும். சிவகாசியில் அடித்தால் விருதுநகர் கலெக்டருக்கு. ஓசூர்க்காரர் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் அடித்தால் பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்துக்கு. பெங்களூருவிலேயே அடித்தால் கர்நாடகத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. வேப்பனப்பள்ளிக்காரருக்குக் குப்பம் பக்கம். அங்கே அடித்தால் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வாக்காளர்கள் நிறையப் பேர். அந்த மொழிகளில் நோட்டீஸ் தேவைப்படும்போது எல்லைக்கு அப்பால் அச்சுக்குக் கொடுப்பது இயல்புதான், அதில் தவறும் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் பெங்களூரு அச்சகத்தையும் அது அப்படியே கட்டுப்படுத்துகிறது. ஆனால் கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் தேடினால் அந்தக் காகிதம் கிடைக்காது. ‘எங்களுக்கு வரவில்லை’ என்று ஒரு மாவட்டமும், ‘எங்கள் தொகுதி இல்லையே’ என்று இன்னொரு மாவட்டமும் சொல்லும்போது புகார் நடுவில் நின்றுபோகிறது.

ஆகவே வெளியூரில் அச்சானது என்று தெரிந்தாலோ, மொழியையும் காகிதத்தையும் பார்த்துச் சந்தேகம் வந்தாலோ, புகாரின் பிரதியை அந்த மாவட்டத்துக்கும் அனுப்ப வேண்டும். மாவட்டத் தேர்தல் அலுவலர் என்ற முறையில் நம் கலெக்டரே அந்த மாவட்டத்திடம் கேட்டுப் பெற வேண்டும் என்று புகாரிலேயே கோரிக்கை வைக்கலாம். நோட்டீஸ் வெளியிடப்பட்டது இங்கே என்பதால், வழக்கை இங்கே நடத்துவதற்கும் இடமிருக்கிறது.

இனி, புகார் சாகும் இடங்களைப் பார்க்கலாம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியை இப்போது பலரும் பயன்படுத்துகிறார்கள். நல்ல கருவி. பார்த்த இடத்திலேயே செயலிக்குள் படமோ இரண்டு நிமிட வீடியோவோ எடுத்தால், இடக்குறிப்போடு கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். 100 நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். ஆனால் 100 நிமிடத்தில் ஒரு பறக்கும் படையால் செய்ய முடிந்தது என்ன? போஸ்டரைக் கிழிக்கலாம். நோட்டீசை அள்ளலாம். ‘அகற்றப்பட்டது, புகார் தீர்வு’ என்று குறித்துவிடலாம். அனுமதியில்லாத பேனருக்கு அது போதும். அச்சகப் பெயர் இல்லாத நோட்டீசுக்கு அது தீர்வே அல்ல. யார் அடித்தார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்காமலேயே சான்று மட்டும் குப்பைக்குப் போய்விடுகிறது. அதனால் செயலியில் புகார் போடுங்கள். கூடவே அசல் தாளில் இரண்டு மூன்றை எடுத்து, கிடைத்த இடம், நேரம் குறித்து வைத்துக்கொண்டு, எழுத்து மூலமான புகாரையும் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். 127ஏ மீறலுக்கு உச்சத் தண்டனையே 6 மாதம். தண்டனை மூன்றாண்டுக்குக் குறைவாக உள்ள இத்தகைய குற்றங்களில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணை தொடங்க முடியாது. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (வழக்குப் பதியாமல், மனு வந்ததற்கு மட்டும் தரும் ரசீது) கொடுத்து அனுப்பிவிட்டால் அவர்கள் மீது கோபப்பட்டுப் பயனில்லை. உத்தரவு வாங்காமல் அவசரத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டாலும் அது பின்னால் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகிற ஆபத்து உண்டு. ஆனால் ஒரே சம்பவத்தில் போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய வேறு குற்றமும் இருந்தால், முழு வழக்கையும் சேர்த்தே விசாரிக்கலாம்.

இது நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும். இங்கே விழும் மொட்டை நோட்டீஸ்களில் ஆபத்தானவை வேட்பாளரைத் திட்டுபவை அல்ல, ஒரு சாதிக்கு எதிராக இன்னொரு சாதியைக் கிளப்புபவை. தேர்தல் முடிந்து வேட்பாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்; பகை தெருவில் தங்கிவிடும். அப்படிப்பட்ட நோட்டீஸ் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு வரும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 153ஏ. இதில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிவு செய்யலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் தேர்தலையொட்டிப் பகைமை வளர்ப்பதற்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. புகாரில் ‘பெயர் இல்லை’ என்று மட்டும் எழுதாமல், எந்த வாக்கியம் எந்தச் சமூகத்தைத் தூண்டுகிறது என்று அப்படியே எடுத்தெழுதினால் புகாரின் கதியே மாறும்.

வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றிப் பொய் என்று தெரிந்தே எழுதியிருந்தால், அது 123(4) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. எதிர் வேட்பாளரோ அவரது முகவரோ, அல்லது அவர்களின் சம்மதத்தோடு வேறொருவரோ செய்ததாக நிரூபித்தால் தேர்தலே செல்லாது. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். 127ஏ மீறல் ஊழல் நடவடிக்கைப் பட்டியலில் இல்லை. பெயர் போடாததற்காக மட்டும் யாருடைய வெற்றியும் பறிபோகாது. ஆனால் சம்மதத்தை நிரூபிக்க வேண்டுமானால் நோட்டீசிலிருந்து வேட்பாளர் வரை ஒரு சங்கிலி வேண்டும். அதன் முதல் கண்ணி அச்சகம். பெயரை மறைப்பவர்கள் 2,000 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து மறைக்கவில்லை, இந்தச் சங்கிலி தொடங்கவே கூடாது என்றுதான் மறைக்கிறார்கள்.

பணத்தின் கதையும் இதோடு பின்னியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவழிக்கக்கூடியது 40 லட்சம் ரூபாய், மக்களவை வேட்பாளர் 95 லட்சம். 2022இல் உயர்த்திய வரம்பு இது. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அச்சகம் கலெக்டருக்குத் தந்த தாளில் 50,000 பிரதி என்றிருந்து, வேட்பாளரின் கணக்கில் 5,000 பிரதிக்கு மட்டும் செலவு காட்டியிருந்தால் கேள்வி கேட்க வழியிருக்கிறது. வேட்பாளரின் செலவுக் கணக்கைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். அச்சக உறுதிமொழிகளைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம். அதற்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், 45 நாள் கெடுவை மனதில் வைத்து ஓட்டுப்பதிவுக்கு மறுநாளே போடுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஓட்டை இருக்கிறது. நம் சட்டம் ‘அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார்’ என்று கேட்கிறது. ‘காசு கொடுத்தவர் யார்’ என்று தாளின் முகப்பில் கேட்பதில்லை. வேட்பாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரம், பிரசுரத்துக்குச் செலவழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவில் குற்றம்தான். பழைய சட்டத்தில் 171எச் என்ற எண்ணில் 500 ரூபாயாக இருந்த அபராதம், இதில் 10,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. ஆனால் அது ஒருவரை உயர்த்துவதற்கான செலவைப் பற்றியது. ஒருவரைத் தாழ்த்தப் போடும் மொட்டை நோட்டீசுக்கு அதைப் பொருத்துவது சுலபமல்ல.

அமெரிக்காவில் இதை வேறு கோணத்தில் பார்க்கிறார்கள். அங்கே கூட்டாட்சித் தேர்தல் விளம்பரங்களில் இருக்க வேண்டியது பணம் கொடுத்தவரின் பெயர். வேட்பாளரோடு தொடர்பில்லாத குழு பணம் கொடுத்தால் ‘எந்த வேட்பாளரும் இதை அங்கீகரிக்கவில்லை’ என்றும் எழுத வேண்டும். அந்த வரி இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் சத்தியப் பிரமாணத்தோடு கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம்; எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 15 நாள் தருகிறார்கள். பேனா, ஸ்டிக்கர் போன்ற சின்னப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. அங்கும் ஆணையத்தின் ஆறு இடங்களில் நான்கு வாக்குகள் சேராவிட்டால் புகார் நகராது.

அதே நாட்டில் வந்த ஒரு தீர்ப்பும் யோசிக்க வைக்கிறது. 1988இல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பெண்மணி, பள்ளி வரி உயர்வை எதிர்த்துத் தானே அச்சிட்ட துண்டுத்தாள்களைக் கூட்டத்தில் கொடுத்தார். சிலவற்றில் பெயருக்குப் பதிலாக ‘கவலை கொண்ட பெற்றோர், வரி கட்டுவோர்’ என்று போட்டிருந்தார். நம் ‘ஊர் பொதுமக்கள்’ மாதிரிதான். 100 டாலர் அபராதம் விழுந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெயரை மறைத்துக் கருத்துச் சொல்வதும் பேச்சுரிமைக்குள் வரும் என்றது. வலியவர்களுக்குப் பயந்து பெயரை மறைக்கிற எளியவரும் இருக்கிறார் என்பதை அந்தத் தீர்ப்பு பார்த்தது. நம் சட்டத்தில் அந்தப் பார்வை இல்லை. தண்ணீர் வராத தெருவில் ஐம்பது ஜெராக்ஸ் எடுத்து ‘இவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்’ என்று கொடுக்கும் ஒருவரும், ராத்திரியோடு ராத்திரியாக லட்சம் தாள் இறக்குகிறவரும் 127ஏ முன்னால் ஒன்றுதான். பெயர் கட்டாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சாதி நோட்டீஸ் விழுகிற ஊரில் வேறு எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் முதலாமவர் மீது வழக்கும் இரண்டாமவருக்குத் தப்பும் வாய்ப்பும் கிடைக்குமானால், சட்டம் தலைகீழாக வேலை செய்கிறது என்றே பொருள்.

சின்ன அச்சகங்களின் நிலையும் இதே மாதிரிதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புக் அடித்துப் பிழைக்கிறவர்களுக்குத் தேர்தல் நேர வேலை ஒரு வரும்படி. ‘பேர் போடாம அடிச்சுக் குடு’ என்று கேட்பவர் உள்ளூர் செல்வாக்குள்ளவர். மறுத்தால் வேலை போகும், அடித்தால் மாட்டிக்கொள்வது அச்சகக்காரர் மட்டும். தேர்தல் அறிவித்ததும் கலெக்டர் அச்சக உரிமையாளர்களை அழைத்து விதிகளைச் சொல்லுகிறார். அந்தக் கூட்டத்தில் அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதோடு நிறுத்தாமல், உறுதிமொழிப் படிவத்தைக் கட்டுக்கட்டாகக் கையில் கொடுத்து, ‘கையெழுத்து இல்லாமல் அடிக்கக் கூடாது என்று கலெக்டர் சொல்லியிருக்கிறார்’ என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு பிடிமானம் தந்தால் பாதி நோட்டீஸ் அச்சகத்திலேயே நின்றுவிடும்.

ஃப்ளெக்ஸ், பெரிய விளம்பரப் பலகைகளுக்கு இது பொருந்துமா என்ற குழப்பத்தை ஆணையமே 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் தீர்த்தது. அவற்றிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் அடையாளம் கட்டாயம் என்று அந்த ஏப்ரலில் உத்தரவு வந்தது. வாட்ஸ்அப்பில் மட்டும் சுற்றும் படம் வேறு கதை. அச்சாகாத வரை 127ஏ அதைத் தொடுவது சந்தேகமே. கட்சிகளும் வேட்பாளர்களும் இணையத்தில் தரும் விளம்பரங்களுக்கு ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவின் முன்னனுமதி வேண்டும்; செலவும் கணக்கில் வர வேண்டும். போலியாகத் தயாரித்த குரல், வீடியோ பற்றித் தெரியவந்தால் கட்சிகள் 3 மணி நேரத்துக்குள் தங்கள் பக்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் சொன்னது. ஆனால் கட்சிப் பக்கத்தில் வராமல் ஊர்க் குழுக்களில் மட்டும் ஓடுகிற படத்துக்கு இவை எதுவும் எட்டாது. அங்கே மீதி இருப்பது உள்ளடக்கம் சார்ந்த பிரிவுகள்தான், அதாவது மேலே சொன்ன 196, 123(4) போன்றவை. அதைப் புகாராக்க, அனுப்பிய எண்ணும் நேரமும் தெரியும்படி எடுத்த ஸ்கிரீன்ஷாட் வேண்டும். மூலச் செய்தியை அழிக்காமல் போனிலேயே வைத்திருக்க வேண்டும்.

கடைசியாகக் காலக்கெடு. தேர்தல் முடிந்ததும் அலுவலகம் பழைய வேலைக்குத் திரும்பிவிடும், பறக்கும் படை கலைந்துவிடும், சி-விஜிலும் மூடிவிடும். ஆனால் 127ஏ குற்றத்துக்கு நீதிமன்றம் ஒரு வருடம் வரை வழக்கை ஏற்கலாம். போலீஸும் அதிகாரிகளும் நகராவிட்டால் புகார்தாரரே, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் தாக்கல் செய்யலாம். புதிய சட்டத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்ட பிறகே மாஜிஸ்திரேட் வழக்கை ஏற்க வேண்டும் என்பதால், அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்க வேண்டும். அப்போது கையில் இருக்க வேண்டியவை: அசல் நோட்டீஸ், கிடைத்த இடமும் நேரமும் சொல்லும் இரண்டு பேரின் வாக்குமூலம், எழுத்துப் புகாரின் ஒப்புகை, அந்த நோட்டீசுக்கு உறுதிமொழி வரவில்லை என்று கலெக்டர் அலுவலகம் தந்த பதில்.